மலைச் செம்மண்ணில் அழுத்திய மண் கல்: நாகலூர்ப் பக்கம் ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தோட்டத்துக்குள்ளேயே ஒற்றைத் தளத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டத் தொடங்கினார். சேலத்தில் செங்கல் வாங்கினால் கல் விலை ஒரு பக்கம், 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவரும் லாரி வாடகை இன்னொரு பக்கம். மனையைச் சமன் செய்ய ஜேசிபி விட்டதில் செம்மண்ணோ வேண்டிய மட்டும் குவிந்துவிட்டது. அதிலேயே சிமெண்ட் கலந்து, சுடாமல் அழுத்தி மட்டும் கல் அடித்துவிடலாம் என்று கையால் அழுத்தும் மெஷின் ஒன்றை ஆளோடு வாடகைக்கு எடுத்தார். சிமெண்ட் நூற்றுக்குப் பத்து, தாராளமான அளவுதான். ஆயிரம் கல் வரை அடித்து அடுக்கினார்கள்.

மெஷினை விட்டு வெளியே வந்தபோது கற்கள் பார்க்க அவ்வளவு அழகு. முனை கூர்மை, முகம் வழவழப்பு. கியூரிங், அதாவது ஈரத்தில் வைத்துப் பதப்படுத்துவது, நடந்துகொண்டிருந்தபோதே மேல் வரிசைகளில் மயிரிழை விரிசல் ஓடியது. ஒரு நாள் காற்றில் தார்ப்பாய் விலகி மழை இறங்கிவிட, நனைந்த கற்களின் முனை விரலால் தேய்த்தாலே கரைந்து வந்தது. அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள். தோட்டத்துக்காரர் கேட்ட முதல் கேள்வி, "சிமெண்ட் பத்தலைங்களா? இன்னுங் கொஞ்சம் சேர்த்துப் போட்டா சரியாப் போயிடுங்களா?"

சிமெண்ட் போதும். அதிகம்கூட. இந்தக் கல் கெட்டது மெஷினில் இல்லை, சிமெண்ட் மூட்டையிலும் இல்லை, மண் குவியலில்.

உடைத்துப் பார்த்தது

கெட்டுப்போன கல்லை நடுவில் உடைத்துப் பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். இதில் தெரிந்தவை: பட்டாணி அளவிலிருந்து சுண்டுவிரல் நுனி அளவு வரை சிவப்புக் களி உருண்டைகள், உருண்டைக்கு வெளியே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் கோடுகள், அங்கங்கே காபிச் செடியின் நார் வேர். களி உருண்டையின் உள்ளே சிமெண்ட் துளியும் போகவில்லை. உருண்டை முழுசும் பச்சை மண். கல் நனையும்போது அது ஊதும், காயும்போது சுருங்கும். சுற்றியிருக்கிற சிமெண்ட் ஓடு எத்தனை தடவை இதைத் தாங்கும்?

எடை போட்டுப் பார்த்ததில் இன்னொன்று. மெஷின் அச்சு 230×190×100 மில்லிமீட்டர். கல்லின் பருமன் எப்போதும் ஒன்றுதான், ஆனால் எடை கல்லுக்குக் கல் ஒரு கிலோ வரை மாறியது. அச்சுக்குள் மண்ணைக் கண் அளவில் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். குறைவாக விழுந்த கல் நெருக்கமில்லாத கல்.

மெஷின் ஆளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் சமவெளியில், மணற்பாங்கான செம்மண்ணில் வருஷக்கணக்காக இதே முறையில் அடித்து நல்ல கல் கொடுத்தவர். "நான் எப்பவும் போடற மாதிரிதாங்க போட்டேன்" என்றார். உண்மைதான். மண்தான் வேறு.

மண்ணைக் கேட்டது

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை, சார்னோகைட் என்ற கெட்டியான பாறை. மேலே உச்சிகளில் பாக்சைட் படிந்திருக்கும் அளவுக்கு நெடுங்காலம் மழையில் ஊறி மக்கிய மலை. அப்படி மக்கிய பாறையிலிருந்து வரும் களி பெரும்பாலும் கயோலின் வகை. இது நமக்கு நல்ல செய்தி. கரிசல் மண்ணில் இருக்கும் களி போல நனைந்தால் மடங்கு மடங்காக ஊதாது. கெட்ட செய்தி, அந்தக் களி ரொம்ப அதிகம். மேலே காபிக்கும் சில்வர் ஓக்குக்கும் கீழே ஒரு முழத்துக்கு இலை மக்கிய கறுப்பு மண். செடிக்கு அது தங்கம், கல்லுக்கு விஷம். மக்கு மண் சிமெண்ட் இறுகுவதையே கெடுக்கும். ஜேசிபி மேல் மண்ணையும் கீழ் மண்ணையும் ஒன்றாகவே புரட்டிக் குவித்திருந்தது. நனைத்து முகர்ந்தால் அந்தக் குவியலில் மக்கு வாசனை வந்தது. வாசனை வரும் மண்ணில் கல் அடிக்கக் கூடாது. இதற்கு ஆய்வகம் எதுவும் தேவையில்லை.

அப்புறம் கண்ணாடி ஜாடிச் சோதனை. ஒரு ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்காரும், வண்டல் அரை மணி நேரம் எடுக்கும், களி பொழுது முழுக்க மிதந்து மெல்லப் படியும். மறுநாள் காலை அடுக்குகளை அளந்தால் ஒரு தோராயம் கிடைக்கும். தோராயம் மட்டுமே: ஊறிய களி ஜாடியில் தன் அளவுக்கு மேல் இடம் பிடித்துக் காட்டும். அதனால் சந்தேகம் வந்தால் சல்லடை, ஹைட்ரோமீட்டர் சோதனைக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். கறுப்பு மண்ணை நீக்கிய செம்மண்ணில் களி 35 சதவீதம் வாக்கில், வண்டல் 20, மணலும் பரலும் (பொடிக் கல்) சேர்ந்து 45 என்று வந்தது.

சிமெண்ட் கலந்த மண் கல்லுக்கு ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்காரர்கள் சொல்லும் பொதுவான பங்கு பரல் 15, மணல் 50, வண்டல் 15, களி 20. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் தொடங்கிய அஸ்திரா என்ற கிராமத் தொழில்நுட்பக் குழுவின் வழிவந்த ஆய்வுகள் இன்னும் கறார்: களி 10 முதல் 15 வரை, மணல் 65-க்கு மேல். இந்தப் பக்கத்து ஈரத்துக்கு நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்வேன்.

சுருக்கத்தையும் பார்த்தோம். 60 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 4 ஆழத்தில் மரப்பெட்டி. உள்பக்கம் எண்ணெய் தடவி, குழைத்த மண்ணை நிரப்பி நிழலில் காய விட்டு, காய்ந்த பின் எல்லாத் துண்டையும் ஒரு பக்கமாக ஒதுக்கினால் மறுமுனையில் விழும் இடைவெளிதான் சுருக்கம். செம்மண் மட்டும் போட்ட பெட்டியில் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இடைவெளி. கல்லில் ஓடிய விரிசலுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஏன் கூடுதல் சிமெண்ட் உதவாது

தோட்டத்துக்காரருக்குப் புரிய வைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்த இடம் இதுதான். சிமெண்ட் மணலைத்தான் பிடிக்கும். மணல் மணிகளுக்கு நடுவே இறுகி ஒரு எலும்புக்கூட்டைக் கட்டும். களியின் துகள் கண்ணுக்கே தெரியாத நுண்மை, அதன் மேற்பரப்போ கணக்கில் அடங்காதது. போடுகிற சிமெண்ட் அதைப் பூசி முடிக்கவே போதாது. அதோடு களி, காய்ந்த கல்லுக்குத் தன் பங்குக்கு ஒரு பலம் கொடுக்கும். அதனால்தான் ஏமாறுகிறோம். காய்ந்த கல்லைத் தட்டினால் டங்கென்று கேட்கும், மேஸ்திரியும் தலையாட்டுவார். நனைந்ததும் களி கொடுத்த பலம் போய்விடும்; மிஞ்சுவது சிமெண்ட் கட்டிய எலும்புக்கூடு மட்டுமே. அது இருக்கிறதா இல்லையா என்பதே கேள்வி. ஆகவே மண் கல்லை நனைத்துத்தான் மதிப்பிட வேண்டும், காய வைத்து அல்ல.

களி அதிகமுள்ள மண்ணுக்குச் சுண்ணாம்பு என்று ஒரு வழி உண்டு. நீற்றிய சுண்ணாம்பு களியோடேயே வினைபுரிந்து இறுகும். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது, பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வினை மெதுவானது, குளிரில் இன்னும் மெதுவாகும். ஏற்காட்டு இரவுகளில் மாதக்கணக்கில் கல்லை ஈரத்தோடு மூடி வைத்துக் காத்திருக்க வீட்டுக்காரருக்குப் பொறுமை இல்லை. விட்டுவிட்டோம். இடையில் மேஸ்திரி ஒருவர், "நம்ம சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைப் பொடியைப் போட்டுப் பார்க்கலாங்களே" என்றார். சேலத்துக்காரர்கள் பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. கரட்டில் இருப்பது மேக்னசைட் என்ற வேறு தாது. வெள்ளையாக இருக்கிறதே தவிர அது சுண்ணாம்பு இல்லை. சுடாத பொடி கல்லில் வெறும் நிரப்பியாகத்தான் கிடக்கும்.

வெட்டு முகத்தில் கிடைத்த இரண்டாவது மண்

மணல் சேர்க்க வேண்டும், அது முடிவாகிவிட்டது. எவ்வளவு என்பதுதான் பணக் கணக்கு. செம்மண்ணில் இருக்கும் 35 சதவீதக் களியை 15-க்குக் கொண்டுவர, ஒரு பங்கு மண்ணுக்கு 1.3 பங்குக்கு மேல் மணல் வேண்டும். கலவையில் பாதிக்கு மேல் கீழேயிருந்து லாரியில் வர வேண்டும் என்றால், மனை மண்ணில் கல் அடிக்கிறோம் என்பதற்கே பொருளில்லை.

ஜேசிபி வெட்டிய மேட்டின் முகத்தைப் பார்த்தால் மூன்று அடுக்கு தெளிவாகத் தெரிந்தது. மேலே கறுப்பு, நடுவே ஆள் உயரத்துக்கு அடர்ந்த சிவப்பு, அடியில் மஞ்சளும் வெள்ளையும் புள்ளி விட்ட வெளிர்ந்த மண். இந்த அடி மண் பாதி மக்கிய பாறை. கையில் எடுத்துக் கசக்கினால் நறநறவென்று உதிர்கிறது; ஈரம் செய்து உள்ளங்கையில் தேய்த்துக் கழுவினால் உடனே கை சுத்தமாகிவிடுகிறது. செம்மண்ணைத் தேய்த்த கையை இரண்டு மூன்று தடவை கழுவினாலும் சிவப்பு விடாது. களியை அளக்க இந்தக் கை கழுவுதலை விட வேகமான வழி எனக்குத் தெரியாது. சோதனையில் அடி மண்ணுக்குக் களி 8 சதவீதம், மணல் 70 என்ற அளவில் வந்தது. வீட்டுக்காரர் அதைக் கெட்ட மண் என்று பள்ளம் தூர்க்க ஒதுக்கி வைத்திருந்தார்.

செம்மண் ஒன்று, அடி மண் ஒன்று, கிரஷர் டஸ்ட் (ஜல்லி உடைக்கும்போது விழும் கல் பொடி) ஒன்று. மூன்றும் சம எடை. கணக்குப் போட்டால் களி 14 சதவீதம், மணல் 68. வெளியிலிருந்து வர வேண்டியது பாதிக்கு மேல் இருந்தது, மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. எம்-சாண்ட் இன்னும் நன்றாக இருக்கும், விலைதான் இடித்தது. டஸ்ட் வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும்: மாவு மாதிரி தூசி அதிகமுள்ள லோடு ஆகாது. ஒரு கைப்பிடி எடுத்து இதே ஜாடிச் சோதனையைப் போட்டால் மேலே படியும் தூசி அடுக்கு காட்டிக்கொடுத்துவிடும். முதலில் வந்த லோடு அப்படித்தான் இருந்தது. திருப்பி அனுப்பாமல் தரைக்குக் கீழே நிரப்பப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

புதுக் கலவையை மரப்பெட்டியில் போட்டதில் சுருக்கம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

சல்லடை, தராசு, வாணலி

கலவையின் பங்கைக் கண்டுபிடிப்பது எளிது. அதை ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி போட வைப்பதுதான் வேலை.

மண்ணைச் சலிக்க அது காய்ந்திருக்க வேண்டும். ஈரச் செம்மண் 5 மில்லிமீட்டர் வலையில் இறங்காது, அப்பிக்கொள்ளும். ஏற்காட்டில் தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டுமே பெய்யும், நடுவே கோடை மழை வேறு. அதனால் கல் அடிக்கத் தொடங்கும் முன்பே மண்ணைச் சலித்துக் கொட்டகைக்குள் சேர்த்து வைத்துவிட வேண்டும். இங்கே காபி உலர்த்தும் சிமெண்ட் களம் இருந்தது. பறிப்புக் காலம் இல்லாததால் களத்தில் மெல்லப் பரப்பி, கட்டியைக் கட்டையால் தட்டி உடைத்து, சாய்த்து வைத்த சல்லடையில் வீசினார்கள். களி உருண்டைப் பிரச்சினை இந்த ஒரு வேலையிலேயே முக்கால்வாசி தீர்ந்தது.

அளவுக்குப் பாண்டு (மண் அள்ளும் சட்டி) வேண்டாம், தராசு வையுங்கள் என்றேன். முதலில் முணுமுணுத்தார்கள். காரணம் இருக்கிறது. காய்ந்த டஸ்ட்டும் லேசாக ஈரமான டஸ்ட்டும் ஒரே பாண்டில் ஒரே அளவு இருக்காது. ஈரம் சேர்ந்தால் மணல் மணிகள் ஒன்றையொன்று தள்ளி நின்று உப்பும். 5 சதவீத ஈரத்தில் நுண்மணல் 25, 30 சதவீதம் வரை பருமன் கூடும். மழை பெய்த மறுநாள் பாண்டுக் கணக்கில் போட்டால் மணல் கால்வாசி குறைந்துபோகும், களி கூடிப்போகும். ஆள் அதே, பாண்டு அதே, கல் மட்டும் வேறு. கல் அடிக்கும் இடங்களில் "நேத்து நல்லா வந்துச்சு, இன்னைக்கு என்னமோ தெரியலை" என்ற பேச்சுக்குப் பல நேரம் இதுதான் விடை.

ஒரு கலவைக்குக் கால் மூட்டை சிமெண்ட், அதாவது 12.5 கிலோ. மூன்று மண்ணும் தலா 60 கிலோ, காய்ந்த கணக்கில். சிமெண்ட் 7 சதவீதம் வரும். கல் 24 கிடைக்கும். ஏன் இவ்வளவு சின்ன அளவு? தண்ணீர் பட்ட சிமெண்ட் காத்திருக்காது. அரை மணிக்குள் கலவை முழுதும் மெஷினுக்குள் போய்விட வேண்டும். கைமெஷினில் அரை மணிக்கு 24 கல்லே நல்ல ஓட்டம். முன்பு ஒரே தடவையில் இரண்டு மூட்டை கலந்து வைத்துக்கொண்டு, டீ குடித்து, சாப்பிட்டுவிட்டு வந்தும் அதையே அடித்திருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் அடித்த கல்லில் பாதி சிமெண்ட் ஏற்கனவே செத்திருக்கும்.

கலக்கும் முறை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மண்ணையும் பரப்பி மேலே சிமெண்ட்டைத் தூவி, தண்ணீர் இல்லாமலே மண்வெட்டியால் இரண்டு தடவை இடம் மாற்றிக் கொட்ட வேண்டும், நிறம் ஒன்றாகும் வரை. அப்புறம் பூவாளியில் தண்ணீர். குழாயால் பீய்ச்சினால் விழுந்த இடம் சேறாகி உருண்டை கட்டும். மறுபடி இரண்டு தடவை புரட்டல்.

தண்ணீர் எவ்வளவு? இந்த மண்ணுக்கு மொத்தத்தில் 11 சதவீதம் சரியாக வந்தது, அதாவது கலவைக்கு 21 லிட்டர். ஆனால் மண்ணிலேயே இருக்கும் ஈரத்தைக் கழிக்க வேண்டும். காலையில் சிமெண்ட் சேர்க்காத கலப்பு மண் ஒரு கிலோவை வாணலியில் போட்டு ஆவி நிற்கும் வரை வறுத்து மறுபடி எடை பார்ப்பது. 940 கிராம் நின்றால் 180 கிலோ மண்ணில் ஏற்கனவே 11 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கிறது, இன்னும் 10 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஊற்றினால் போதும். சமையல்கட்டிலிருந்து எடுத்து வந்த வாணலி திரும்பிப் போகவில்லை என்று வீட்டம்மாவுக்கு இன்னும் வருத்தம்.

வாணலியை நம்பினாலும் கை சோதனை வேண்டும். கலவை புட்டு மாவுப் பதத்தில் இருக்க வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், கையில் ஒட்டக் கூடாது. எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் விட வேண்டும். நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பொடியாய்ச் சிதறினால் தண்ணீர் பத்தாது. அப்படியே சப்பென்று உட்கார்ந்தால் அதிகம். சித்தாளாக வந்த ஒரு அக்கா இரண்டே நாளில் இதில் கைதேர்ந்துவிட்டார். மெஷின்காரர் லேசாக ஈரம் குறைத்துக் கேட்பார், அச்சிலிருந்து கல் சுலபமாகக் கழலும் என்று. "நீ சொல்றதுக்கெல்லாம் குறைக்க முடியாது தம்பி, உருண்டையைப் பாரு" என்று அவர் மறுத்துவிடுவார். அந்த ஒரு ஆளால் தப்பிய கல் நிறைய.

கடைசிக் கட்டுப்பாடு எடை. இந்த அச்சில் கல்லின் கன அளவு 4.37 லிட்டர். காய்ந்த அடர்த்தி லிட்டருக்கு 1.8 கிலோ வேண்டும் என்றால், ஈரக் கலவை கல்லுக்கு 8.7 கிலோ. ஒவ்வொரு கல்லுக்கும் நிறுத்தே அச்சில் கொட்டினார்கள். நெம்பு வழக்கத்தை விட இறுகியது, இரண்டு பேர் தொங்க வேண்டியிருந்தது. அப்படித்தான் இறுக வேண்டும்.

நனைத்துப் பார்த்தது

முதல் இரண்டு நாள் பாலித்தீன் போர்த்தி வைத்தார்கள். பிறகு சாக்கு போட்டு நான்கு வாரம் தண்ணீர் தெளிப்பு. வெயில் நேரே படாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சேலத்தில் ஓர் ஆய்வகத்துக்குப் பழைய கல்லும் புதுக் கல்லும் அனுப்பி, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து அழுத்தச் சொன்னோம். 10 சதவீத சிமெண்ட் போட்ட பழைய கல் சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டனைக்கூட எட்டவில்லை. 7 சதவீதம் போட்ட புதுக் கல் 3-க்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஒற்றைத் தளச் சுவரில் கல்லின் மேல் விழும் சுமை இதில் சிறு பகுதிதான். மண் கல்லுக்கான ஐஎஸ் 1725 என்ற இந்தியத் தரநிலை இதே மாதிரி நனைத்துப் பார்க்கும் சோதனைகளைத்தான் கேட்கிறது. ஆய்வகம் கிட்டாதவர்கள் கல்லை ஒரு இரவு தொட்டியில் போட்டுவிட்டு மறுநாள் ஆணியால் கீறிப் பார்க்கலாம். கோடு மட்டும் விழ வேண்டும். பள்ளம் விழுந்தால் அந்தத் தடவை அடித்த கற்களை ஒதுக்கிவிடலாம்.

சிமெண்ட் கணக்கில், முன்பு மூட்டைக்கு 70 கல் வாக்கில் வந்தது, இப்போது 96. டஸ்ட் லாரி வாடகையையும் சலிக்கும் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. சிமெண்ட் மிச்சத்துக்காக இதைச் செய்யவில்லை என்பதால் அது என்னை உறுத்தவுமில்லை. கடைக்கால் கருங்கல், தரை மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை கருங்கல், அதன் மேல்தான் மண் கல். கட்டும் கலவைக்கும் இதே சலித்த மண்ணும் டஸ்ட்டும் சிமெண்ட்டும்தான். கல்லை விடக் கலவை ரொம்ப இறுக்கமாக இருந்தால் விரிசல் கல்லுக்குள் புகுந்துவிடும்.

பழைய ஆயிரம் கல்லில் 14 மூட்டை சிமெண்ட் போயிருந்தது, தூக்கிப்போட யாருக்கும் மனசு வரவில்லை. விரிசல் விட்டவற்றை உடைத்துத் தரைக்குக் கீழே நிரப்பினார்கள். மீதியில் விறகுக் கொட்டகை கட்டுகிறேன் என்றார் தோட்டத்துக்காரர். வேண்டாம் என்றேன், கட்டிவிட்டார். தகரக் கூரையை மூன்றடி வெளியே நீட்டியிருப்பதால் இதுவரை நிற்கிறது. சாரல் அடிக்கும் மேற்குச் சுவரில் மட்டும் கீழ் இரண்டு வரி பொரிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கருங்கல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.